முகம் வாடப் பொறுக்காதவர்

"ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். டாக்டர் சொன்னாலும் சரி, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் என் மகள் சொன்னாலும் சரி. இந்த வியாதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் ஒரு நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று நான் மட்டும் சொல்லவில்லை. அவர் காலமானபோது குளுவாங்கில் அவர் குடியிருந்த அந்தச் சின்னக் குடியிருப்புத் தாமானுக்குள் கார் நிறுத்த இடமில்லை. மெர்சிங்கிலிருந்து மீன் வியாபாரிகள், சாஆவிலிருந்து மளிகைக் கடைக்காரர்கள், பேர் தெரியாத ஊர்களிலிருந்து கோழிக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். "யார் மனசையும் நோகடிக்காத மனுஷன்" என்று எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. நானும் அழுதேன். அழுதுகொண்டே வந்திருந்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, இவர் கடையில் இருக்கும் குளிர் அறைக்குள் இந்த மனிதர் எதை அடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். துக்க வீட்டில் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் எனக்கு அப்படித்தான் ஓடியது.

எங்களுக்குக் குளுவாங்கில் ஒரு கடை. பிரிட்ஜ், ஏர்கோண், குளிர் அறை இவற்றுக்கான சாமான்கள் விற்கிறோம். கம்ப்ரசர், செம்புக் குழாய், கேஸ் சிலிண்டர், வால்வு எல்லாம் கிடைக்கும். நான் கல்லாவில். என் வீட்டுக்காரர் வெளியூர்களுக்குப் போய்ப் பழுது பார்ப்பவர். நான் சொல்லும் இந்த மனிதரும் மெக்கானிக்தான். யாரிடமும் வேலை பார்க்காமல் சொந்த வேன் வைத்துக்கொண்டு ஜொகூர் முழுக்கச் சுற்றியவர். சாமான் வாங்க எங்களிடம்தான் வருவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், பாதி நேரம் வெறும் அம்மா.

மெக்கானிக் என்றால் கையெல்லாம் கரி, சட்டையெல்லாம் எண்ணெய் என்றுதானே இருக்கும்? இவர் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார். கழுத்தில் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரியும். வேனில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். அது அவருக்கு இல்லை, வேலை நடக்கும்போது வாடிக்கையாளர் உட்கார. ஒரு பிளாஸ்கில் தேநீர், அதுவும் வாடிக்கையாளருக்குத்தான். டுரியான் பிடிக்கும் என்பவரிடம் "அது மாதிரி பழம் உண்டா?" என்பார். அதே வாய் அடுத்த கடையில், "நாத்தம் தாங்கலம்மா" என்று மூக்கைப் பிடித்துக்கொள்ளும். பொய் சொல்கிறார் என்று தோன்றாது. இரண்டு இடத்திலும் மனசாரத்தான் சொல்லுவார்.

நீங்கள் ஒன்று கேட்டால் உடனே பதில் வராது. முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அதில் என்ன பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு வாயைத் திறப்பார். பெரும்பாலும் வருவது ஒரே சொல்தான்: "செஞ்சிரலாம்."

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவர் வாயில் முதலில் வருவது "முடியாது". பிறகுதான் எப்படி முடியும் என்று யோசிப்பார். அதற்குள் வாடிக்கையாளர் பாதி வழி போயிருப்பார். இந்த இரண்டு பேரையும் ஒரு சிலிண்டரில் போட்டுக் குலுக்கி எடுத்தால் ஒரு உருப்படியான மெக்கானிக் கிடைப்பான் என்று நான் இவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரிக்க மாட்டார். "முடியாது" என்பார்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பழைய குளிர் அறைகளில் எல்லாம் ட்வெண்டி டூ என்ற கேஸ்தான். ஓசோனைக் கெடுக்கிறது என்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். கிடைப்பது குறைந்துபோனது, விலையும் ஏறிவிட்டது. அதனால் பழைய பெட்டியை வைத்துக்கொண்டே வேறு கேஸுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவது என்றால் பழசை எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றுகிற காரியமில்லை. உள்ளே ஓடும் எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் விட வேண்டும். ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே எக்ஸ்பான்ஷன் வால்வு என்று ஒன்று இருக்கிறது. குளிர்விக்கும் சுருள் குழாய்க்குள் எவ்வளவு கேஸை விடலாம் என்று அளந்து விடுகிற பித்தளைச் சாமான். ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு வால்வு. கேஸை மாற்றிவிட்டுப் பழைய வால்வையே விட்டுவைத்தால், அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடக்கிற கதைதான். கடைசியாக, என்ன கேஸ் மாற்றியிருக்கிறோம் என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் பெண்டாட்டி பிறந்தநாளை மறந்தாலும் அந்த லேபிளை மறக்க மாட்டார்.

சாஆவில் ஒரு அம்மா மளிகைக் கடையும் பூக்கடையும் சேர்த்து வைத்திருந்தார். பூவும் காய்கறியும் வைக்க ஒரு சின்னக் குளிர் அறை. கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள் அது நின்றுபோனது. உள்ளே மல்லிகையும் சாமந்தியும் கூடை கூடையாக இருந்தன. அந்த அம்மா முதலில் கூப்பிட்டது என் வீட்டுக்காரரை. அவர் வழக்கம்போல, "கேஸ் மாத்தணும், வால்வு மாத்தணும், மூணு நாள் ஆவும், பூவை வேற எடத்துக்குக் கொண்டுபோங்க" என்றார். அந்த அம்மா போனை வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் போனார். முகத்தைப் பார்த்தார். "செஞ்சிரலாம்."

வேனில் எந்த கேஸ் இருந்ததோ அதைப் போட்டார். வால்வு அதேதான். திருகாணியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருகி, காதை வைத்துக் கேட்டு, "இப்ப பாருங்க" என்று கதவைத் திறந்து காட்டினார். சில்லென்று காற்று வந்தது. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாராம். காலையில் போய்ப் பார்த்தால் சுருள் குழாயின் வாயில் மட்டும் ஒரு முழத்துக்கு வெள்ளை வெளேரென்று பனி. மிச்சமெல்லாம் காய்ந்து கிடக்கிறது. அறை குளிரவே இல்லை. மல்லிகை பழுப்பேறி வாடிவிட்டது.

இன்னொருவராக இருந்தால் போனை அடைத்துப் போட்டிருப்பார். அண்ணன் உடனே சிகாமட் பசாருக்கு ஓடி, கிடைத்த பூவையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, அந்த அம்மா வீட்டுப் பெண்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து மாலை கட்டினார். கட்டிக்கொண்டே கதை சொல்லிச் சிரிக்க வைத்தாராம். பிறகு என் வீட்டுக்காரர் போய் மூன்று நாள் மெனக்கெட்டு எண்ணெய், வளையம், வால்வு எல்லாம் மாற்றி, லேபிள் ஒட்டி, இன்றுவரை ஓடுகிற மாதிரி செய்துவிட்டு வந்தார். இன்றைக்கும் அந்த அம்மா கடைக்கு வந்தால் அண்ணனைப் பற்றித்தான் பேசுவார். "ஒங்க வீட்டுக்காரரு நல்லா வேல செய்றாரு, ஆனா மூஞ்சிய பூட்டி வச்ச கடை மாதிரி வச்சிருக்காரும்மா" என்பார். என்ன சொல்வது? உண்மைதானே.

இதுவரை சொன்னது சிரிக்கிற கதை. அடுத்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது.

என் அம்மா ஜேபியில், அதாவது ஜொகூர் பாருவில், ஆஸ்பத்திரியில் இருந்தார். என் தம்பி துணைக்கு இருந்தான். நான் அன்று மத்தியானம் போவதாக இருந்தேன். வீட்டுக்காரர் வெளியூரில், எனக்குக் கார் இல்லை. கடை வாசலில் அண்ணனின் வேன் வந்து நின்றது. "ஏறும்மா, நானும் ஜேபிதான் போறேன், விட்டுர்றேன்" என்றார். நானும் ஏறினேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். என் பிள்ளைகளின் படிப்பு, அவர் வீட்டுப் பூனை, மழை. "அம்மா எப்படி இருக்காங்களோ" என்று நான் சொல்லும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருப்பாங்கம்மா. ஒன்னும் ஆவாது" என்றார். சிம்பாங் ரெங்கம் வந்ததும், ஆஸ்பத்திரிச் சாப்பாடு அம்மாவுக்குப் பிடிக்காது, கஞ்சி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். வேனை ஓரம் கட்டினார். நான் கஞ்சியைத் தாப்பாவாக, பையில் கட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். சூடு புடவை வழியாகத் தொடையில் ஏறியது. சிந்திவிடக் கூடாது என்று ஜேபி வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன்.

வார்டு வாசலில் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என் கையில் இருந்த கஞ்சியைப் பார்த்தான். "அக்கா, அண்ணன் ஒன்னும் சொல்லலையா?" என்றான்.

அம்மா காலையிலேயே போய்விட்டார். எனக்கு நேராகப் போனில் சொல்லத் தைரியமில்லாமல், பக்குவமாகச் சொல்வார் என்று தம்பி அண்ணனைப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். அவருக்கு என் கடை வாசலில் வேனை நிறுத்தும்போதே தெரியும். கஞ்சிக் கடை வாசலில் நிறுத்தும்போதும் தெரியும். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தாழ்வாரத்தின் கடைசியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கஞ்சி இன்னும் சூடாக இருந்தது.

கருமாதி முடிந்தபிறகு கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "ஏண்ணே அப்படி செஞ்சீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அந்த ஒரு மணி நேரமாச்சும் நிம்மதியா வந்தீங்கல்லம்மா" என்றார்.

அவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். அந்த வேனில் உட்கார்ந்திருந்தவரைக்கும் எனக்கு அம்மா இருந்தார். அதை அவர் எனக்குக் கொடுத்தாரா, இல்லை அழவேண்டிய நேரத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாரா என்று இன்னும் என்னால் முடிவு பண்ண முடியவில்லை. அதற்குப் பிறகும் அவர் கடைக்கு வருவார், நானும் தேநீர் கொடுப்பேன். ஆனால் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

ஒருநாள் முற்பகலில் அப்படித்தான் பார்த்தார்.

பித்தளை நட்டு வாங்க வந்திருந்தார். கடையில் வேறு யாருமில்லை. "தம்பி எங்க, ஆளக் காணோம்?" என்று வழக்கம்போல என் வீட்டுக்காரரை விசாரித்தார். நானும் நட்டைத் தேடிக்கொண்டே சொன்னேன். "மெர்சிங் போயிருக்காருண்ணே. படகு ஜெட்டி பக்கம் மீன் கடை மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கே இருக்காரே, அவரோட கோல்ட் ரூம்ல லீக்காம். ஒங்களத்தான் மொதல்ல கூப்பிட்டாராம், நீங்க வரேன் வரேன்னு சொல்லிட்டு வரலையாம்."

நிமிர்ந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார்.

"அப்படியா. நல்லது நல்லது. அந்தத் தவுக்கே தங்கமான ஆளும்மா" என்றார். பிறகு, "பிள்ளைங்க ஸ்கூல் போயிருச்சா?" என்றார். பிறகு மழை வரும் போலிருக்கிறது என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அந்தக் குரலை நான் ஜேபி ரோட்டில் கேட்டிருக்கிறேன். நட்டை அப்படியே போட்டுவிட்டுக் கல்லாவைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே. அந்த ரூம்ல என்ன கேஸ் போட்டீங்க?"

"ட்வெண்டி டூ மாதிரிதாம்மா."

"மாதிரின்னா?"

"அதே வால்வுக்கு ஒத்துப்போவும். எண்ணெய் மாத்த வேணாம். நல்லா குளிரும், கரண்டும் கம்மி. தவுக்கே மீனை வச்சுக்கிட்டு அழுவாத கொறையா நின்னாரு. சாயங்காலத்துக்குள்ள ஓடணும்னாரு. செஞ்சு குடுத்தேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய வால்வையும் பழைய எண்ணெயையும் அப்படியே விட்டுவிட்டு ட்வெண்டி டூவின் இடத்தில் போடக்கூடிய கேஸ் ஒன்று உண்டு. அடுப்பு கேஸுக்கு உடன்பிறப்பு. நன்றாகக் குளிரும், பொய்யில்லை. ஆனால் பற்றிக்கொள்ளும். அதற்கென்றே கட்டிய சின்னப் பெட்டியில் போட்டால் வேறு விஷயம். ஒரு அறை நிறையக் குழாய் ஓடுகிற பழைய பெட்டியில் போடக் கூடாது. நாங்கள் அதை விற்பதே இல்லை. இவர் வேறு எங்கோ வாங்கியிருக்கிறார்.

"லேபிள் ஒட்டுனீங்களா?"

"தவுக்கே பயப்படுவாரேன்னு..." என்று இழுத்தார்.

அப்படியென்றால் பெட்டியின் மேல் இன்னும் ட்வெண்டி டூ என்ற பழைய தகடுதான் இருக்கிறது. ட்வெண்டி டூ எரியாது. அதை நம்பித்தான் இந்த ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் இத்தனை வருடம் கையில் நெருப்போடு வேலை செய்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் எந்த வரிசையில் வேலை செய்வார் என்று எனக்கு மனப்பாடம். முதலில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைக் கண்டுபிடிப்பார். கேஸை ஒரு பக்கம் ஒதுக்கி அடைப்பார். பிறகு குழாயைச் சூடாக்கி ஒட்டுவதற்கு, நெருப்பு கக்கும் டார்ச்சைப் பற்றவைப்பார். கசிவு உள்ளே, சுருள் பக்கம் என்று தவுக்கே சொல்லியிருந்தார். அதாவது நாலு பக்கமும் அடைத்த அறைக்குள். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். மூக்குக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. வேலை செய்யும்போது போனை வேனிலேயே வைத்துவிடுகிற மனிதர் அவர். மறுபடி போட்டேன். மறுபடியும்.

"தவுக்கே நம்பர் ஒங்ககிட்ட இருக்குல்ல? அடிங்கண்ணே!"

"நானே நேரா போயிட்டு வந்துர்றேம்மா. போன்ல சொன்னா பதறிருவாங்க."

மெர்சிங் என்ன அடுத்த தெருவா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்தேன். இஸ்திரி போட்ட அந்தச் சட்டையை. "இப்ப அடிக்கிறீங்களா இல்லையா?"

அடித்தார். தவுக்கே எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே, குழைந்த குரலில், "தவுக்கே, ஆப்பா காபார்? சுடா மாக்கான்?" என்று ஆரம்பித்தார்.

சௌக்கியமா, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்! அந்தப் பக்கம் தவுக்கேயும் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார், இவரும் சிரிக்கிறார். இவர் நெற்றியில் வியர்வை வழிகிறது. வாய் திறக்கிறது, மூடுகிறது. "தவுக்கே, அங்க... நம்ம தம்பி..." என்று மலாயில் தொடங்கி, "இல்ல, ஒன்னுமில்ல, சும்மா கேட்டேன்" என்று முடித்தார். அவரால் முடியவில்லை. என் கண்ணெதிரில் பார்த்தேன். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது, அந்தப் பக்கத்து ஆள் சந்தோஷமாகப் பேசுவதைக் கேட்டதும் திரும்பிப் போய்விட்டது.

போனைப் பிடுங்கினேன். "தவுக்கே! ஜாங்ஙான் பாசாங் ஆப்பி! நெருப்பு வேணாம்! ஓடுங்க, அவரை வெளிய இழுங்க, நெருப்பு பத்தவைக்க விடாதீங்க!" மலாயும் தமிழும் கலந்து கத்தினேன். அவருக்கு எது புரிந்ததோ, நெருப்பு என்ற அந்த "ஆப்பி" புரிந்துவிட்டது. போன் எங்கோ விழுகிற சத்தம் கேட்டது. ரப்பர் பூட்ஸ் தண்ணீரில் ஓடுகிற சத்தம். பிளாஸ்டிக் கூடைகள் சரிந்தன. தவுக்கே சீனத்தில் ஏதோ கூச்சல் போட்டார். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அந்த மௌனத்தில் நான் என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்று சொன்னால் எந்தச் சாமியும் என்னை நம்பாது. அண்ணன் பக்கத்தில் நின்று, "ஒன்னும் ஆவாதும்மா, ஒன்னும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாயை மூடுங்கள் என்று கத்தினேன். மூடிக்கொண்டார்.

"யாரு? என்னா?" என்று கேட்டது. என் வீட்டுக்காரரின் எரிச்சலான குரல். அவ்வளவு இனிமையான குரலை நான் கேட்டதே இல்லை.

"எங்க இருக்கீங்க?"

"வெளியதான். தவுக்கே கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. டார்ச்சை எடுத்துட்டு உள்ள போனேன், லைட்டரை எடுக்கறதுக்குள்ள இந்த ஆளு வந்து மேல விழறாரு. என்னா ஆச்சு ஒனக்கு?"

"அது ட்வெண்டி டூ இல்ல" என்றேன். எதையும் விளக்கமாகக் கேட்கிற மனிதர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "சரி. கதவத் தொறந்து போடச் சொல்றேன். மெயின் சுவிட்ச வெளியலேர்ந்தே அடைக்கிறேன். நீ ஒக்காரு" என்றார்.

நான் ஏற்கனவே உட்கார்ந்திருந்தேன், தரையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். அண்ணன் ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். பாதித் தண்ணீர் என் மடியில் கொட்டியது. அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. அந்த அழுகை பொய் இல்லை. என் வீட்டுக்காரர்மேல் அவருக்கு இருந்த பாசமும் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

"பாத்தியாம்மா, ஒன்னும் ஆவல. நான் சொன்னேன்ல?" என்றார்.

கையிலிருந்த தம்ளரை அவர் மேல் எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "இந்த கேஸை வேற எங்கெல்லாம் போட்டிருக்கீங்க? சொல்லுங்கண்ணே. ஒரு எடம் விடாம சொல்லுங்க."

அவர் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அதில் எவ்வளவு பயம் இருந்தது என்று பார்த்திருப்பார். எந்தப் பதில் வந்தால் அது தணியும் என்பதும் தெரிந்திருக்கும்.

"வேற எங்கயும் இல்லம்மா. அது ஒன்னுதான்" என்றார்.

நம்பிவிடலாம் என்றுதான் இருந்தது. அத்தனை அருமையாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் நம்பவில்லை. மறுநாள் காலையில் அண்ணனை எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டார். நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கோழி வியாபாரி. அவருடைய பழைய குளிர் அறைக்கு என் வீட்டுக்காரர் மூன்று நாள் கேட்டார் என்று அண்ணனைக் கூப்பிட்டு ஒரே நாளில் முடித்துக்கொண்டவர். முதலில் அங்கே போனோம். அண்ணனைக் கண்டதும் அந்த வியாபாரி ஓடிவந்து தோளைக் கட்டிக்கொண்டார். "இவரு கை வச்சதிலேர்ந்து சும்மா ஐஸ் மாதிரி இருக்குங்க" என்றார். அண்ணன் கூச்சத்தோடு சிரித்தார்.

என் வீட்டுக்காரர் பெட்டியின் தகட்டைப் பார்த்தார். ட்வெண்டி டூ. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நீளமான ரப்பர் குழாயைப் பெட்டியில் மாட்டி, கட்டடத்துக்குப் பின்னால் செம்பனைக் காட்டின் ஓரம் இருந்த வெட்டவெளி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். நுனியில் இருந்த திருகை மயிரிழை அளவு திறந்து, கையை எட்டின மட்டும் நீட்டி, லைட்டரைக் கிட்டே கொண்டுபோனார்.

பொக்கென்று பற்றிக்கொண்டது. விரல் நீளத்துக்கு நீலமாக நின்று எரிந்தது. கோழி வியாபாரியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கொட்டகைக்குள் ஆட்கள் கோழி வெட்டுகிற சத்தமும் ரேடியோப் பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் திருகை மூடிவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் நின்று என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதோட சரிம்மா," என்றார். "வேற எங்கயும் இல்ல."